சொந்தக் கட்சிக்காரரையே எதிர்த்து நிற்கலாமா? அமெரிக்கப் பிரைமரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அமெரிக்காவில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். நன்றாகப் பேசுகிற, நாற்பது வயதை ஒட்டிய ஒரு மாநில சட்டமன்ற உறுப்பினர் இருப்பார். அதே கட்சியைச் சேர்ந்த பழுத்த எம்.பி. ஒருவர் அவருடைய தொகுதியில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பார். இளையவர் மோதலாமா, பெரியவர் ஓய்வு பெறும்வரை பொறுத்திருக்கலாமா? அமெரிக்க அரசியலைத் தொடர்ந்து பார்க்கிற ஆள் என்பதால் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒபாமாவின் பெயர் அடிக்கடி வரும். பிரைமரியில் மண்ணைக் கவ்வியும் இருக்கிறார், பிரைமரியில் சரித்திரம் படைத்தும் இருக்கிறார் என்பதால் அவரைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிரைமரி என்றால் சரியாக என்ன?

கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் தேர்தல். தலைமை நேர்காணல் வைத்து, பட்டியல் வெளியிட்டு, சீட் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. கட்சித் தலைமைக்கு ஒருவரைப் பிடிக்காவிட்டாலும், கையெழுத்து திரட்டி மனு கொடுத்துவிட்டால் அவரை நிற்கவிடாமல் தடுக்க முடியாது. மாநில அரசுதான் தேர்தலை நடத்தும். அதில் ஜெயிப்பவர் நவம்பரில் எதிர்க்கட்சி வேட்பாளரைச் சந்திப்பார்.

யார் ஓட்டுப் போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. இலினாயில் வாக்குச்சாவடிக்குப் போய், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னால் போதும். கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரே சீட்டில் போட்டு, முதல் இரண்டு இடம் பிடித்தவர்களை நவம்பருக்கு அனுப்புகிறார்கள். இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிகாகோவின் தென்பகுதி, நியூயார்க்கின் பிராங்க்ஸ் மாதிரி இடங்களில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தோற்பது நடக்காத காரியம். அங்கே உண்மையான தேர்தலே பிரைமரிதான், நவம்பர் வெறும் சடங்கு.

பதவியில் இருப்பவரைக் கட்சிக்காரரே எதிர்ப்பது துரோகம் ஆகாதா?

பதவியில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர்களில் பலர் அதே வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள். 2000ல் ஒபாமா எதிர்த்து நின்ற பாபி ரஷ்ஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992ல் சார்லஸ் ஹேஸ் என்ற சொந்தக் கட்சி எம்.பி.யைப் பிரைமரியில் தோற்கடித்துத்தான் ரஷ் நாடாளுமன்றம் போனார். எட்டு வருடம் கழித்துத் தன்னை ஒருவர் எதிர்த்தபோது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

துரோகம் என்ற வார்த்தையை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். தொகுதிக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்? "இவர் எங்களுக்கு என்ன தப்பு செய்தார்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், எதிர்ப்பவரிடம் பதில் இருக்க வேண்டும்.

ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு?

மிகக் குறைவு. 2018ஐ எல்லோரும் புரட்சி ஆண்டு என்றார்கள். 435 இடம் கொண்ட கீழவையில் அந்த வருடம் பிரைமரியில் தோற்ற உறுப்பினர்கள் நாலே பேர். ஜனநாயகக் கட்சியில் ஜோ கிரௌலி, மைக் கேபுவானோ. குடியரசுக் கட்சியில் இருவர்.

கிரௌலியைத் தோற்கடித்தவர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ். ஜூன் 26 அன்று முடிவு வரும்வரை அவர் பெயரை நாட்டில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டதுகூட இல்லை. கிரௌலியோ கீழவை ஜனநாயகக் கட்சியில் நான்காம் இடத்துத் தலைவர், அடுத்த சபாநாயகர் ஆவார் என்று பேசப்பட்டவர். ஒரு விவாதத்துக்குத் தானே வராமல், தன் சார்பாக முன்னாள் நகரமன்ற உறுப்பினர் ஒருவரை அனுப்பிவைத்தார். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளை ஆள் அனுப்பின கதைதான். ஒகாசியோ-கோர்ட்டெஸ் ஜெயிக்க எத்தனை ஓட்டு தேவைப்பட்டது தெரியுமா? 17 ஆயிரத்துக்கும் குறைவு. சுமார் ஏழு லட்சம் பேர் வாழும் தொகுதியில்!

இங்கேதான் சின்ன வேட்பாளர்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது. பிரைமரியில் ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைவு. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிற ஆட்கள் சில நூறு பேர் கையில் இருந்தால் கணக்கையே மாற்றிவிடலாம். தூங்கிக்கொண்டிருக்கிற எம்.பி.யிடம் மட்டும்தான் இது நடக்கும். விழித்துக்கொண்டிருப்பவரிடம் என்ன நடக்கும் என்பதற்கு அடுத்த கேள்வி.

ஒபாமா பிரைமரியில் தோற்றாரா? நிஜமாகவா?

நிஜமாகத்தான், அதுவும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். 2000 மார்ச் 21 அன்று ரஷ் 61 சதவீதம் வாங்கினார், ஒபாமாவுக்கு 30.

அவர் இறங்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1999 பிப்ரவரியில் ரஷ் சிகாகோ மேயர் பதவிக்கு நின்று, ரிச்சர்ட் டேலியிடம் மோசமாகத் தோற்றிருந்தார். ஆள் பலவீனமாகிவிட்டார், இப்போது தட்டினால் விழுவார் என்று ஒபாமா கணக்குப் போட்டார். மேயர் தேர்தலில் நகரம் முழுவதும் ஓட்டுப் போட்டது. இந்தத் தொகுதி அப்படியல்ல, ரஷ்ஷின் சொந்த வீடு மாதிரி. கறுப்பர் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் இலினாய்க் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். பிறகு ஒபாமா தானே எடுத்த கணிப்பில் ரஷ்ஷைத் தெரிந்தவர்கள் 90 சதவீதம், தன்னைத் தெரிந்தவர்கள் 11 என்று வந்தது. இந்தக் கணிப்பைப் போட்டியை அறிவிப்பதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் துரதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. 1999 அக்டோபரில் ரஷ்ஷின் மகன் சுடப்பட்டு இறந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனை எதிர்த்து யார் கடுமையாகப் பேச முடியும்? பிரசாரம் அப்படியே நின்றது. டிசம்பரில் ஒபாமா குடும்பத்தோடு ஹவாய் போயிருந்தபோது சின்னக் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. உடனே திரும்ப முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதா மீது மாநில மேலவையில் வாக்கெடுப்பு வந்தது, மசோதா சில ஓட்டுகள் குறைந்து தோற்றது. ஊரில் துப்பாக்கிச் சாவு, உறுப்பினர் ஹவாய்க் கடற்கரையில் என்று பத்திரிகைகள் கிழித்தன. கடைசியில் அதிபர் பில் கிளின்டனும் ரஷ்ஷுக்காக வானொலி விளம்பரத்தில் பேசினார்.

இவை எல்லாவற்றையும் தள்ளிவிட்டாலும் ஒபாமா தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். ரஷ்ஷுக்கும் அவருக்கும் கொள்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. "நான் இளையவன், நன்றாக வேலை செய்வேன்" என்பதைத் தாண்டிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஹார்வர்டில் படித்துவிட்டு வந்து நம்ம ஆளை ஏன் தள்ளப் பார்க்கிறான் என்று தென் சிகாகோ கேட்டது.

அப்படித் தோற்றவர் நாலே வருடத்தில் எப்படி எழுந்தார்?

அவர் பதவியைப் பணயம் வைக்கவில்லை. நான் பார்த்தவரை இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1998ல் மாநில மேலவைக்கு நான்கு வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 2000ல் அந்த இடத்துக்குத் தேர்தலே இல்லை. மார்ச் 21 தோற்றார், பிறகு மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் தன் நாற்காலிக்கே திரும்பிப் போனார்.

கடன் மட்டும் இருந்தது. அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கட்சி மாநாட்டுக்குப் போனவரின் கிரெடிட் கார்டை வாடகைக் கார் கம்பெனியில் ஏற்கவில்லை. மாநாட்டு அரங்குக்குள் நுழையச் சீட்டும் கிடைக்காமல் சீக்கிரமே ஊர் திரும்பினார். நான்கு வருடம் கழித்து, 2004 ஜூலையில், பாஸ்டனில் அதே கட்சியின் மாநாட்டில் முக்கிய உரை நிகழ்த்தியவர் இவர்தான்.

இடையில் நடந்தது இன்னொரு பிரைமரி. இலினாயில் செனட் இடம் ஒன்று காலியாக இருந்தது. பதவியில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர் மறுபடி நிற்கவில்லை. முன்னாள் செனட்டர் கரோல் மோஸ்லி பிரான் நின்றால் தான் நிற்பதில்லை என்று ஒபாமா முடிவு செய்திருந்தார். அவர் அதிபர் தேர்தல் பக்கம் போய்விட்டதும் வழி திறந்தது. இதிலும் தோற்றால் அரசியலை விட்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். ஏழு பேர் போட்டி. 2004 மார்ச் 16 அன்று அவருக்கு 53 சதவீதம் கிடைத்தது. இரண்டாவது வந்த டேன் ஹைன்ஸுக்கு அதில் பாதிகூட இல்லை.

ஆள் அதேதான், பேச்சுத் திறமையும் அதேதான். இந்த முறை எதிரே தொகுதியின் செல்லப்பிள்ளை இல்லை, இடம் காலி. அதோடு 2002 அக்டோபரில் இராக் போரை எதிர்த்துச் சிகாகோவில் பேசியிருந்ததால், தன்னை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட ஒரு விஷயமும் கையில் இருந்தது.

பெரிய பதவிக்கு நிற்க இருக்கிற பதவியை விட வேண்டுமா?

இரண்டு பதவியின் தேர்தலும் ஒரே நாளில் வந்தால் பெரும்பாலும் விடத்தான் வேண்டியிருக்கும். ஒரே வாக்குச்சீட்டில் ஒருவர் பெயர் இரண்டு முறை வரக் கூடாது என்று சில மாநிலங்களில் சட்டம் உண்டு. செனட் இடத்தோடு அதிபர் பதவிக்கும் குறிவைத்த கென்டக்கியின் ராண்ட் பாலுக்கு 2016ல் இந்தச் சிக்கல் வந்தது. அவருக்காகக் கட்சி அதிபர் பிரைமரியையே மாற்றி, மார்ச்சில் தனிக் கூட்டமாக நடத்தியது! எல்லோருக்கும் கட்சி அப்படி வளைந்து கொடுக்காது.

பதவியை விட்டு நின்று தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு 2020 மாசசூசெட்ஸ் போதும். மூன்றாம் ஜோ கென்னடி, ராபர்ட் கென்னடியின் பேரன். வயது 39, கீழவையில் நாலாவது முறை, தொகுதியில் அசைக்க ஆள் இல்லை. செனட்டர் எட் மார்க்கிக்கு 74 வயது, 1976லிருந்து நாடாளுமன்றத்தில் இருப்பவர். தொடக்கத்தில் வந்த கணிப்புகளில் கென்னடிதான் முன்னால். இவ்வளவு சாதகமான பிரைமரி கிடைக்குமா என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மார்க்கி ஒரு வருடம் முன்னால் ஒகாசியோ-கோர்ட்டெஸோடு சேர்ந்து, பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பதற்கான பசுமைப் புதிய ஒப்பந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். அந்த ஒகாசியோ-கோர்ட்டெஸ் கிழவரின் பக்கம் நின்றார். கல்லூரிப் பிள்ளைகள் மார்க்கிக்காக இரவுபகலாக இணையத்தில் வேலை செய்தார்கள். பழைய நைக்கி ஷூ போட்டு நின்ற அவர் படம் ஓடு ஓடென்று ஓடியது. "நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே" என்ற ஜான் கென்னடியின் புகழ்பெற்ற வரியை மார்க்கி தன் விளம்பரத்தில் தலைகீழாகத் திருப்பி, "நாடு உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்க வேண்டிய நேரம் இது" என்றார். கென்னடி வீட்டுச் சொத்தை எடுத்தே கென்னடியை அடித்தார். இளமைதான் கென்னடியின் ஒரே வாதம். இளைஞர்களே எதிர்ப்பக்கம் போனபின் அதற்கு என்ன மதிப்பு? செப்டம்பர் 1 அன்று மார்க்கிக்கு 55 சதவீதம், கென்னடிக்கு 45. மாசசூசெட்ஸில் கென்னடி குடும்பம் தோற்ற முதல் தேர்தல் அது. கீழவைத் தொகுதியும் போய்விட்டது. பிறகு பைடன் அவரை வட அயர்லாந்துக்கான பொருளாதாரத் தூதராக நியமித்தார். கௌரவமான வேலைதான், ஆனால் செனட் இல்லை.

எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

"ஏன் நீ?" என்று கேட்டால் எதிராளியைத் திட்டாமல், வயதைச் சொல்லாமல், இரண்டு வாக்கியத்தில் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொரு உதாரணம் உண்டு. ஜோ கென்னடிக்குச் சின்னத் தாத்தா முறையான டெட் கென்னடி, 1980ல் சொந்தக் கட்சி அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்துப் பிரைமரியில் இறங்கினார். அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு, 1979 நவம்பர் 4 அன்று, சிபிஎஸ் தொலைக்காட்சியில் ரோஜர் மட் எடுத்த பேட்டி ஒளிபரப்பானது. ஏன் அதிபர் ஆக விரும்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி. உலகத்திலேயே சுலபமான கேள்வி. கென்னடி தடுமாறினார், இழுத்தார், நாட்டின் வளங்கள், மக்களின் திறமை என்று எங்கெங்கோ போனார். ஊரே எதிர்பார்த்திருந்த வேட்பாளர், பதிலைத் தயார் செய்யவில்லை. அதே நாளில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டதால் நாடு அதிபரின் பக்கம் சாய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தப் பேட்டியின் காயம் ஆறவே இல்லை.

அவசரம் எதற்கு? காத்திருந்தால் தானாக வராதா?

சில நேரம் வரும். பெரும்பாலும் வராது.

நியூயார்க் ஆளுநர் மரியோ கோமோவுக்காக 1991 டிசம்பர் 20 அன்று ஆல்பனி விமான நிலையத்தில் விமானம் தயாராக நின்றது. அதிபர் தேர்தலுக்கான நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரிக்கு மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். ஆயிரம் டாலர் கட்டணத்தோடு பறந்து போய் மனு கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மாநில பட்ஜெட் முடியவில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். அந்த வருடம் வேட்பாளர் ஆனவர் அதுவரை அதிகம் பேர் அறியாத ஆர்க்கன்சா ஆளுநர் பில் கிளின்டன். நியூ ஜெர்சியின் குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியை அதிபர் பதவிக்கு நிற்கச் சொல்லி 2011ல் கட்சியின் பணக்காரர்கள் கெஞ்சினார்கள், அவர் முடியாது என்றார். 2016ல் வந்தார். நியூ ஹாம்ப்ஷயரில் ஆறாவது இடம்.

ஒபாமாவுக்கு 2006ல் முன்னாள் செனட் தலைவர் டாம் டாஷல் சொன்ன ஆலோசனை இதுதான்: வாய்ப்பு மறுபடி வரும் என்று நம்பிவிடாதே, வாஷிங்டனில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வருடமும், நீ போட்ட ஓட்டுகளுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டிய சுமை கூடும். அதன் பொருளை ஹிலாரி கிளின்டன் நேரடியாக அனுபவித்தார். இராக் போருக்கு ஆதரவாக 2002ல் போட்ட ஒரு ஓட்டு 2008 பிரைமரி முழுக்க அவரைத் துரத்தியது. போரை எதிர்த்துப் பேசிய ஒபாமா அப்போது வெறும் மாநில உறுப்பினர், செனட்டில் ஓட்டுப் போடும் நிலையிலேயே இல்லை. 2008 ஜனவரி 3, முதல் போட்டி நடந்த ஐயோவா மாநிலம்: ஒபாமா முதல், ஹிலாரி மூன்றாவது.

கவனியுங்கள், 2007 பிப்ரவரியில் அறிவித்தபோதும் ஒபாமாவின் செனட் பதவிக்காலம் 2011 வரை இருந்தது. தோற்றாலும் வேலை இருக்கும்.

கணிப்பில் ரொம்பப் பின்னால் இருந்தால் விட்டுவிடுவதா?

எதனால் பின்னால் என்று பாருங்கள். உங்களைத் தெரியாததாலா, தெரிந்தும் பிடிக்காததாலா? முதல் வகையைப் பணமும் நடையும் சரிசெய்யும். 2009ல் ஃபுளோரிடாவில் மார்கோ ரூபியோ செனட்டுக்கு இறங்கியபோது எதிரே ஆளுநர் சார்லி கிறிஸ்ட். கட்சியின் தேசியக் குழுவே கிறிஸ்டுக்கு ஆதரவு. ஆனால் கிறிஸ்ட் ஒபாமாவின் பொருளாதாரத் திட்டத்தை ஆதரித்து, மேடையில் ஒபாமாவைக் கட்டிப்பிடித்திருந்தார். குடியரசுக் கட்சிப் பிரைமரி வாக்காளருக்கு அந்தப் படம் ஒன்று போதும். 2010 ஏப்ரலில் கிறிஸ்ட் பிரைமரியை விட்டே ஓடிச் சுயேச்சையானார். நவம்பரில் ரூபியோ ஜெயித்தார்.

நிறைய பேர் போட்டியிட்டால் நல்லதா கெட்டதா?

விதியைப் பொறுத்தது. பல மாநிலங்களில் அதிக ஓட்டு வாங்கியவர் வேட்பாளர், 30 சதவீதம் என்றாலும் சரி. டெக்சாஸ் போன்ற தென் மாநிலங்களில் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதல் இருவருக்கு மறுதேர்தல். 2012ல் அங்கே செனட் பிரைமரியில் டெட் குரூஸ் முதல் சுற்றில் துணை ஆளுநர் டேவிட் டியூஹர்ஸ்டுக்குப் பத்துப் புள்ளி பின்னால் இருந்தார். இரண்டு மாதம் கழித்து மறுதேர்தலில் 57 சதவீதம் வாங்கினார். ஒரே சுற்று விதி இருந்திருந்தால் அவர் யாரென்றே தெரிந்திருக்காது.

பணம் இல்லாதவர் நிற்கவே முடியாதா?

கஷ்டம். நாடாளுமன்ற வேட்பாளருக்கு ஒருவர் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 2025-26ல் 3,500 டாலர். பிரைமரிக்குத் தனி, நவம்பருக்குத் தனி. சொந்தப் பணத்துக்கு மட்டும் வரம்பே இல்லை.

2004ல் இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. இலினாய்ப் பிரைமரியில் பிளேர் ஹல் என்ற கோடீஸ்வரர் சொந்தப் பணம் 2.9 கோடி டாலரை இறைத்தார். கோடீஸ்வரர் எதிரே இருந்தால் மற்ற வேட்பாளர்கள் கூடுதல் நன்கொடை வாங்கலாம் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. ஒபாமாவுக்கு 2,000 டாலர் வரம்பு 12,000 ஆனது. ஹல்லின் பணமே ஒபாமாவின் கல்லாவை நிரப்ப வழி செய்தது. கடைசி வாரங்களில் ஹல்லின் விவாகரத்து ஆவணங்கள் வெளியாகி அவர் சரிந்ததும், சேர்த்துவைத்த காசில் ஒபாமா விளம்பரங்களைக் கொட்டினார். அந்தச் சட்டத்தை 2008ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

கட்சி மேலிடம் பழிவாங்குமா?

முயற்சி செய்யும். 2018 அதிர்ச்சிக்குப் பிறகு, 2019 மார்ச்சில், ஜனநாயகக் கட்சியின் கீழவைத் தேர்தல் குழு ஓர் அறிவிப்பு விட்டது: பதவியில் இருப்பவரை எதிர்ப்பவர்களுக்கு வேலை செய்யும் கணிப்பாளர்கள், விளம்பர நிறுவனங்களுக்குக் கட்சி வேலை தராது. வேட்பாளரைத் தடுக்க முடியாது என்பதால் அவருக்கு வேலை செய்பவர்களின் வயிற்றில் அடிக்கும் வழி. 2021ல் இதை வாபஸ் வாங்கினார்கள். எதிர்த்து வந்தவர்கள் வேறு ஆட்களைப் பிடித்து ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிரைமரியில் தோற்றுவிட்டு நவம்பரில் சுயேச்சையாக நிற்கலாமா?

பெரும்பாலான மாநிலங்களில் முடியாது, சட்டம் தடுக்கும். கனெக்டிகட்டில் முடியும். 2006ல் ஜோ லீபர்மேன் ஆகஸ்டில் பிரைமரியில் தோற்று, நவம்பரில் தனியாக நின்று செனட்டைத் தக்கவைத்துக்கொண்டார். அவர் பல வருட செனட்டர். வளர்ந்துவரும் ஆள் இதை நம்பி இறங்க வேண்டாம்.

உள்ளுக்குள் அடித்துக்கொண்டால் எதிர்க்கட்சிக்குத்தானே லாபம்?

1976ல் ரீகன் சொந்தக் கட்சி அதிபர் ஃபோர்டை எதிர்த்தார், ஃபோர்ட் நவம்பரில் தோற்றார். 1980ல் கென்னடி எதிர்த்தார், கார்ட்டர் தோற்றார். இப்படி அடுக்கினால் உண்மை மாதிரித்தான் தெரியும். ஆனால் ஏற்கெனவே தள்ளாடுகிற அதிபரைத்தான் எதிர்க்கிறார்கள். காய்ச்சல் வந்ததால் தெர்மாமீட்டர் வைத்தார்களா, தெர்மாமீட்டர் வைத்ததால் காய்ச்சலா? 2008ல் ஒபாமாவும் ஹிலாரியும் ஜூன் வரை மோதினார்கள். நவம்பரில் ஒபாமா 53 சதவீதத்தோடு ஜெயித்தார், ஹிலாரி வெளியுறவுத் துறை அமைச்சரானார்.

நம்மவர்கள் யாராவது இதில் கையைச் சுட்டுக்கொண்டது உண்டா?

ராஜா கிருஷ்ணமூர்த்தி. டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா போனவர். 2004ல் ஒபாமாவின் செனட் பிரசாரத்தில் வேலை செய்தவர். 2010ல் இலினாய் மாநிலக் கணக்கு அதிகாரி பதவிக்கான பிரைமரியில் மயிரிழையில் தோற்றார். 2012ல் நாடாளுமன்றப் பிரைமரியில் டாமி டக்வொர்த்திடம் தோற்றார், அது மயிரிழை இல்லை. டக்வொர்த் 2016ல் செனட்டுக்குப் போனபோது அதே தொகுதியில் மறுபடி நின்று ஜெயித்தார். இரண்டு தோல்விக்குப் பிறகு, காலியான இடத்தில். இந்த வரிசை உங்களுக்கு யாரையாவது நினைவூட்டலாம்.

கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவுக்கு ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2019 ஜனவரியில் அதிபர் பிரைமரியில் இறங்கி, ஓர் ஓட்டுகூடப் பதிவாகும் முன்பே டிசம்பர் 3 அன்று விலகினார். செனட் இடம் கையில் இருந்தது. எட்டு மாதத்தில் துணை அதிபர் வேட்பாளர். விவாதத்தில் தான் கடுமையாகத் தாக்கிய அதே பைடன்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்.

தோற்றால் பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம் என்று ஒருவர் திட்டம் போட்டால்?

1995ல் இலினாய் மாநில மேலவை உறுப்பினர் ஆலிஸ் பால்மர் அப்படித்தான் கடைசியில் யோசித்தார். நாடாளுமன்றத்துக்கு நிற்பதற்காகத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். அந்த இடத்துக்கு ஒரு இளைஞரை ஆதரித்தும் பேசினார். நவம்பர் 28 பிரைமரியில் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் ஜெயித்தார், பால்மர் மூன்றாவது. ஊர்ப் பெரியவர்கள் இளைஞரைக் கூப்பிட்டு, அம்மா திரும்ப வருகிறார், நீ விலகிக்கொள் என்றார்கள். இளைஞர் மறுத்துவிட்டார். பால்மர் அவசர அவசரமாகக் கையெழுத்து திரட்டி மனு கொடுத்தார்.

மனுவுக்குச் செல்லுபடியாகும் 757 கையெழுத்து வேண்டும். இளைஞரின் ஆட்கள் தேர்தல் அலுவலகத்தில் உட்கார்ந்து, போட்டியாளர்கள் எல்லோருடைய தாள்களையும் வரிவரியாகப் பார்த்தார்கள். அச்செழுத்தில் எழுதியது, தொகுதிக்கு வெளியே முகவரி உள்ளது, பெயர் பட்டியலில் இல்லாதது என்று அடித்துக்கொண்டே போனார்கள். ஒருவருக்கு 69 கையெழுத்து குறைந்தது. பால்மர் மனுவைத் திரும்பப் பெற்றார். 1996 மார்ச் பிரைமரியில் வாக்குச்சீட்டில் ஒரே ஒரு பெயர் இருந்தது: பராக் ஒபாமா.